செஸ் ஒலிம்பியாட் வாசலில் பொறுமை காத்த விதம்

2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்டில் தன்னார்வலராக எனக்கு வாய்த்தது பார்வையாளர் வாசல். ஆடி வெயில், அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சனைப் பார்த்தே தீரவேண்டும் என்ற கூட்டம். உள்ளே செல்போன் கூடாது என்றதும் எல்லாக் கோபமும் என்மேல்தான். "ஒரு போட்டோ எடுத்தா என்ன தம்பி குறைஞ்சிடும்?"

என் குரலும் ஏறாமலிருக்க ஒரு வழி பிடித்தேன். வரிசையின் கடைசிக்கே போய், அவர்கள் கேட்கும் முன்பே காரணத்தைச் சொல்லிவிடுவது: போனில் ஓடும் செஸ் மென்பொருள் உலக சாம்பியனையே தோற்கடிக்கும், அதைப் பார்த்து யாராவது ஆடுபவருக்குச் சைகை காட்டிவிடலாம், அதனால்தான் தடை. பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். மீதிப் பேரிடம் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினேன். கத்துபவருக்கு அது எரிச்சல்தான். ஆனால் நமக்குப் படபடப்பு இறங்கிவிடும். அதற்கும் மசியாதவர்களைப் பக்கத்து மேசை அக்காவிடம் அனுப்பினேன். அவர் பள்ளி ஆசிரியை.