குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கினால் வாழைப்பழம் கொடுக்காதீர்கள்

குழந்தை காசை விழுங்கிவிட்டால் வீட்டுப் பெரியவர்கள், "ரெண்டு வாழைப்பழம் கொடு, நாளைக்கு வெளிய வந்துடும்" என்பார்கள். காசு பல நேரம் அப்படி வந்தும் விடுகிறது. அதே நம்பிக்கையில், காசு மாதிரி வட்டமாகத் தட்டையாக இருக்கும் பட்டன் பேட்டரிக்கும் பழத்தையோ சோற்று உருண்டையையோ கொடுத்துக் காத்திருப்பதுதான் நான் மிகவும் பயப்படும் தவறு. உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி இரண்டே மணி நேரத்தில் அதன் சுவரைப் புண்ணாக்கிவிடும்.

பேட்டரி உடைந்து உள்ளே இருப்பது கசிந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். உடையவே வேண்டாம். ஈரமான சதை அதன் இரண்டு முனைகளையும் தொட்டதும் மின்சாரம் ஓடத் தொடங்கும். மைனஸ் பக்கம் சதையை அரிக்கும் கடுமையான காரம் (ஆல்கலி) உருவாகிக்கொண்டே இருக்கும். சாக்கடை அடைப்பெடுக்கப் போடும் காஸ்டிக் சோடா இருக்கிறதே, அதே வகைக் காரம்தான். ரிமோட்டிலும் எடை பார்க்கும் மெஷினிலும் இருக்கும், 2032 என்று எண் போட்ட பேட்டரி 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். சின்னக் குழந்தையின் தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொள்ள அந்த அகலமே போதும்.

'தீர்ந்துபோன பேட்டரிதானே' என்று அலமாரி மேல் போட்டு வைக்கிறோம். ரிமோட்டை இயக்க முடியாத பேட்டரியிலும் சதையைப் பொசுக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும். கழற்றியவுடன் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

விழுங்கியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது இதில் இன்னொரு கொடுமை. எச்சில் வடியும், சாப்பிட மறுக்கும், இருமும், குரல் கம்மும். சளி என்று நினைத்து சிரப் கொடுத்து ஒரு நாளைக் கடத்திவிடுவோம். ரிமோட்டின் மூடி திறந்து பேட்டரி காணவில்லை என்றால், குழந்தை ஓடி விளையாடிக்கொண்டிருந்தாலும் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். டாக்டரிடம் "பேட்டரியாக இருக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் பார்க்க நாணயம் மாதிரியே தெரியும். பேட்டரிக்கு ஓரத்தில் இரட்டை வளையம் தெரியும், அது இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து எடுப்பது) வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள், 108-ஐ அழையுங்கள். வழியில் சாப்பாடு, தண்ணீர், பால் எதுவும் வேண்டாம். தேன் மட்டும் விதிவிலக்கு. ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன், அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம். அது புண்ணின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். தேன் வாங்கக் கடையில் நிற்காதீர்கள். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது.

மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான். சொட்டு மருந்து விடாதீர்கள். ஈரம் பட்டால் புண் இன்னும் வேகமாகும்.

அப்புறம், பேட்டரியை எடுத்த பிறகும் கவனம் வேண்டும். புண் ஆழமாகி, பக்கத்தில் ஓடும் பெரிய ரத்தக்குழாயைச் சில வாரம் கழித்தும் அரித்துவிடலாம். வாந்தியில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தாலோ மலம் கறுப்பாகப் போனாலோ, நடுராத்திரியாக இருந்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.