ஊர்ப்பெயர்களின் வழியே ஸ்குவாமிஷ் நிலத்தை அறிவது எப்படி

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவரிலிருந்து விசிலர் என்ற மலை ஊருக்குச் செல்லும் 99ஆம் எண் நெடுஞ்சாலையில், ஊர்களின் பெயரும் ஆறுகளின் பெயரும் ஆங்கிலத்தோடு, அந்நிலத்தின் பழங்குடிகளான ஸ்குவாமிஷ் மக்களின் மொழியிலும் எழுதப்பட்ட பலகைகள் நிற்கின்றன. 2010ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி நடப்பட்ட அந்தப் பலகைகளில், சில சொற்களின் நடுவே 7 என்ற இலக்கம் இருப்பதைப் பார்ப்பவர்கள் அதை அச்சுப்பிழை என்றே எண்ணக்கூடும். அது பிழையன்று, தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும்போது உண்டாகும் ஒலிக்கு அம்மொழியில் அதுதான் எழுத்து. அம்மக்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயரைத் தமிழில் ஏறக்குறைய 'ஸ்க்வ்ஹூ7மிஷ்' என்று எழுதலாம். அந்த 7 வரும் இடத்தில் மூச்சை நிறுத்தி, பிறகு விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'ஸ்குவாமிஷ்' என்பது வந்தேறிகள் தம் வாய்க்கு ஏற்ப எளிதாக்கிக்கொண்ட வடிவம்.

இந்த மக்களின் வரலாற்றை அறிய விரும்புவோருக்கு நான் சொல்லும் வழி, இடப்பெயர்களிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான். பல தலைமுறைகளாக வாய்மொழியிலேயே வாழ்ந்த இம்மொழிக்கு நிலையான எழுத்துமுறை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அமைந்தது. லூயி மிராண்டா என்ற மூத்தவர் மொழியியலாளர்களோடு உட்கார்ந்து செய்த வேலை அதற்கு அடித்தளம். அதற்கு முன்பு வரலாறு தங்கியிருந்த இடங்களில் முதன்மையானவை மலைக்கும் பாறைக்கும் ஆற்றுமுகத்துக்கும் இட்ட பெயர்கள்.

புறப்படும் முன் சில குழப்பங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஸ்குவாமிஷ் என்ற பெயரில் ஒரு நகரமும் இருக்கிறது, ஒரு மக்களினமும் இருக்கிறது. நகராட்சி வேறு, அம்மக்களின் ஆட்சி அமைப்பான ஸ்குவாமிஷ் நேஷன் வேறு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வாழும் சுக்குவாமிஷ் மக்கள் முற்றிலும் வேறானவர்கள். சியாட்டில் நகரத்துக்குப் பெயர் தந்த தலைவர் அவர்களோடு சேர்ந்தவர். வான்கூவர் நகரம் இருக்கும் நிலத்தில் மஸ்குவியம், ஸ்லேல்வாதூத் மக்களுக்கும் உரிமை உண்டு என்பதையும், அவர்களின் மொழி உறவுமொழியே தவிர இதே மொழி அன்று என்பதையும் நினைவில் வையுங்கள். இன்று ஒரே நேஷனாக இருக்கும் ஸ்குவாமிஷ் மக்கள் 1923இல் 16 குழுக்கள் ஒன்றிணைந்து உருவான அமைப்பினர். இந்த நிலம் எந்த உடன்படிக்கையாலும் கனடா அரசிடம் ஒப்படைக்கப்பட்டதில்லை. இதை அறியாமல் மற்றவற்றைப் படித்தால் எதுவும் சரியாகப் பொருந்தாது.

பயணத்தை வான்கூவரின் ஸ்டான்லி பூங்காவில் தொடங்குவது நல்லது. பிராக்டன் முனையில் நிற்கும் வண்ணக் குலக்கம்பங்களுக்கு முன்னால் கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை வடக்கே வாழும் வேறு மக்களின் மரபைச் சேர்ந்தவை. ஸ்குவாமிஷ் மக்களையும் உள்ளடக்கிய கடலோர சாலிஷ் மக்களின் பழைய மரபு, நெடுவீட்டைத் தாங்கும் தூண்களையும் வரவேற்பு உருவங்களையும் செதுக்குவது. அங்கேயே ஸ்குவாமிஷ் செதுக்குநர் ராபர்ட் யெல்டன், அப்பூங்காவில் வாழ்ந்த தம் தாயின் நினைவாகச் செதுக்கிய கம்பம் 2009 முதல் நிற்கிறது. அதைத் தேடிப் பாருங்கள். பிறகு லம்பர்மென்ஸ் ஆர்ச் என்று வரைபடம் காட்டும் புல்வெளிக்கு நடந்து செல்லுங்கள். அதன் பழைய பெயர் 'ஹ்வைஹ்வை'. அங்கே பெரிய ஊர் இருந்தது. 1880களில் பூங்காவைச் சுற்றிச் சாலை போட அளவையாளர்கள் வந்தபோது, குடும்பத்தோடு உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தங்கள் வீட்டின் மூலையை அவர்கள் வெட்டியதை ஸ்குவாமிஷ் மூத்தவர் ஆகஸ்ட் ஜாக் கட்சலானோ பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகக் குவித்த சிப்பி ஓட்டுமேட்டைத் தோண்டித்தான் அந்தச் சாலைக்குப் பரப்பினார்கள். 1888இல் பூங்கா திறக்கப்பட்டது.

ஆகஸ்ட் ஜாக்கின் பாட்டனாரின் பெயரே திரிந்து கிட்சிலானோ என்ற வட்டாரத்துக்கு ஆனது. அங்கே பர்ராட் பாலத்தின் தென்முனையில் இருக்கும் 'செனாக்வ்' என்ற இடத்துக்குத்தான் நான் மிக அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். 1877இல் சுமார் 80 ஏக்கராக வரையறுக்கப்பட்ட அந்த ஒதுக்கிடத்தை, அதாவது பழங்குடியினருக்கென அரசு ஒதுக்கிய நிலத்தை, முதலில் இரயில் நிறுவனத்துக்காகத் துண்டாடினார்கள், 1913இல் மாகாண அரசு மக்களை வெளியேறச் செய்து தெப்பப் படகில் ஏற்றி அனுப்பியது, வீடுகள் கொளுத்தப்பட்டன. நீண்ட வழக்குகளுக்குப் பிறகு, 2000களின் தொடக்கத்தில், இரயிலுக்கென எடுத்த பகுதியில் சுமார் 10.5 ஏக்கர் நேஷனுக்குத் திரும்பியது. அந்தச் சிறு துண்டில்தான் 2022 முதல் சுமார் 6,000 வாடகை வீடுகள் கொண்ட கோபுரங்களை நேஷன் எழுப்பி வருகிறது. பாலத்தின் நடைபாதையில் நின்று அந்தக் கோபுரங்களைப் பார்க்கும்போது, அவை மீட்கப்பட்ட நிலத்தில் நிற்கின்றன என்பதை அறிந்து பாருங்கள்.

லயன்ஸ் கேட் பாலத்தைக் கடந்து வடகரைக்குச் சென்றால் 'ஹுமெல்ச்சன்' ஊர் வருகிறது. ஆங்கிலத்தில் கப்பிலானோ ஒதுக்கிடம் என்பார்கள். 1906இல் லண்டன் சென்று மன்னர் ஏழாம் எட்வர்டிடம் நில உரிமை கேட்ட ஜோ கப்பிலானோ இந்த ஊர்த்தலைவர். அவர் சென்ற காலத்தில் பாட்லாட்ச் என்ற ஈகைப் பெருவிழா சட்டப்படி குற்றமாக இருந்தது. 1885 முதல் 1951 வரை அந்தத் தடை நீடித்தது. வட வான்கூவரில் 1899 முதல் 1959 வரை நடந்த செயின்ட் பால் உறைவிடப் பள்ளியில் குழந்தைகளைத் தாய்மொழி பேச விடவில்லை. இன்று மொழி அருகியிருப்பதற்கு முதன்மைக் காரணம் இத்தகைய பள்ளிகள்தான். இவை மக்கள் வசிக்கும் ஊர்கள் என்பதால், வீடுகளையும் கல்லறைகளையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

பாலத்திலிருந்து வடக்கே தெரியும் இரட்டைச் சிகரங்களை ஆங்கிலத்தில் சிங்கங்கள் என்கிறார்கள். பாலமும் அப்பெயரையே பெற்றது. ஸ்குவாமிஷ் மக்களுக்கோ அவை அமைதியைக் கொண்டுவந்த இரு சகோதரிகள்.

அங்கிருந்து ஹோ சவுண்ட் என்னும் கடற்கையின் ஓரமாக வடக்கே செல்லுங்கள். ஸ்டவாமஸ் சீஃப் என்ற ஏறக்குறைய 700 மீட்டர் உயரக் கருங்கல் மலையை, உருமாற்றும் ஆற்றல் கொண்ட உடன்பிறந்தார் கல்லாக்கிய நெடுவீடு என்று சொல்வார்கள். இன்னும் வடக்கே, 2,678 மீட்டர் உயரமுள்ள கரிபால்டி மலையின் பெயர் 'இன்ச்கை'. அழுக்கான இடம் என்பது அதன் பொருள். எரிமலையான அதன் சரிவுகளிலிருந்து உதிரும் மண்ணும் கல்லும் கலந்து கீழே ஓடும் ஆறு கலங்கியிருப்பதைப் பார்த்து வைத்த பெயர் அது. பெருவெள்ளத்தில் தம் படகுகளை அந்தச் சிகரத்தில் கட்டி மூதாதையர் உயிர் பிழைத்தார்கள் என்பதும் அவர்கள் வரலாறு. இந்த மலையை நேரில் பார்க்காத கரிபால்டி என்ற இத்தாலியத் தளபதியின் பெயரை இதற்கு இட்டதைவிட, பழைய பெயர் எவ்வளவு செய்தியைச் சுமக்கிறது என்பதைப் பாருங்கள்.

குளிர்காலத்தில் சென்றால் பிராக்கன்டேலில் ஆற்றங்கரையில் இறங்குங்கள். முட்டையிட்டு மடியும் சால்மன் மீன்களுக்காகக் கழுகுகள் கூடும். 1994இல் ஒரே நாளில் 3,769 கழுகுகளை எண்ணினார்கள்.

விசிலரில் 2008இல் திறந்த ஸ்குவாமிஷ் லில்வாட் பண்பாட்டு மையத்துக்கு அரைநாளாவது கொடுங்கள். மலையாட்டு மயிரையும், இன்று அழிந்துவிட்ட கம்பளி நாயின் மயிரையும் சேர்த்து நெய்த சாலிஷ் போர்வை மரபைப் பற்றி அங்குள்ளவர்களிடம் கேளுங்கள். செடார் மரப்பட்டை உரிப்பதையும் கேளுங்கள்: சாறு ஏறும் வசந்த இறுதியிலும் கோடைத் தொடக்கத்திலும், மரத்துக்கு நன்றி சொல்லி, அடியில் ஒரு வெட்டுப் போட்டு, பின்னால் நடந்துகொண்டே இழுத்தால் பட்டை மேல்நோக்கி நீண்ட வாராக உரிந்து வரும். மரம் உயிரோடிருக்க வேண்டும் என்பதற்காக ஒரு பக்கத்திலிருந்து குறுகிய அகலத்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள்.

அழைப்பின் பேரில் ஒரு சடங்கில் கலந்துகொள்ள நேர்ந்தால், சிலரைச் சாட்சிகளாக அழைத்து அவர்கள் கையில் நாணயங்கள் கொடுப்பதைக் காண்பீர்கள். அங்கு நடந்ததை மனத்தில் வைத்திருந்து, பிற்காலத்தில் கேட்கப்படும்போது சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. அத்தகைய இடங்களில் ஒலிப்பதிவுக் கருவியை எடுக்காதீர்கள். விடைபெறும்போது இரு கைகளையும் உள்ளங்கை மேல்நோக்கி இருக்க உயர்த்தி, 'ஹுய் சேஹ்வ் ஆ' என்று ஒருவருக்கு நன்றி சொல்லலாம்.