பெல்ட் தேர்வில் கை நடுங்கும்போது: முதல் முறை எழுந்து நிற்பவர்களுக்கான செய்முறை

கராத்தே, ஜூடோ, டேக்வாண்டோ போன்ற கலைகளில் முதல் பெல்ட் தேர்வுக்குத் தயாராகும் பலருக்கு, உதையையும் குத்தையும் விடப் பெரிய கவலையாக இருப்பது தேர்வாளர்களின் மேசைக்கு முன்னால் நிற்க வேண்டிய அந்தச் சில நிமிடங்கள்தான். வகுப்பில் பிசகில்லாமல் வந்த கட்டா (குறித்த வரிசையில் தனியாகச் செய்து காட்டும் அசைவுத் தொடர்) அங்கே பாதியில் மறந்துபோகிறது. நன்றாகப் பழகிய உதைகூடக் கால் தூக்காமல் நின்றுவிடுகிறது. இந்தப் பதற்றத்தை முழுவதுமாகப் போக்கும் வழியை நான் சொல்லப்போவதில்லை, அப்படி ஒன்று இருப்பதாக நான் நம்பவும் இல்லை. பதற்றம் இருக்கும்போதே உடல் தன் வேலையைச் செய்யும்படி பழக்க முடியும். அதற்கான வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதுகிறேன். நான் பழகியது கராத்தே என்பதால் எடுத்துக்காட்டுகள் அதிலிருந்தே வருகின்றன. தேர்வுக்கு மூன்று வாரமாவது இருக்கும்போது தொடங்குங்கள்.

படி 1: உடலில் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

தேர்வை நினைத்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகளுக்குக் கூடுதல் இரத்தம் பாய்கிறது, செரிமானம் தணிகிறது; அதனால்தான் வாய் உலர்கிறது, வயிறு கலங்குகிறது, விரல்கள் நடுங்குகின்றன. வேகமான உதைக்கும், கியாய் என்னும் உரத்த முழக்கத்துக்கும் வேண்டிய ஆற்றலைத் தருவதும் இதே மாற்றம்தான். ஆய்வாளர் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மேடைப்பேச்சுக்கு முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். ஆகவே நெஞ்சு படபடக்கும்போது அதை அடக்கப் போராடாமல், ‘உடல் தயாராகிவிட்டது’ என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

படி 2: தெரியாதவற்றைக் குறைத்துவிடுங்கள்

உங்கள் ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள்: தேர்வில் எவை எந்த வரிசையில் வரும், தனியாக நிற்க வேண்டுமா, குழுவாகவா, யார் மதிப்பிடுவார்கள், எவ்வளவு நேரம் ஆகும்? இவற்றைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1883-இல் தம் மாணவர் இருவருக்கு முதன்முதலாக டான் நிலை (இன்று கறுப்பு பெல்ட்டுக்கு உரியது) வழங்கினார். அன்று தொடங்கிய இந்தப் படிநிலை முறை, மாணவர் எங்கே நிற்கிறார், அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை அவருக்கே காட்டுகிறது. தொடக்க நிலைத் தேர்வில் உங்களிடம் எதிர்பார்ப்பது அந்த நிலைக்கு உரியதை மட்டுமே.

இன்னொன்று. பதற்றம் என்று நாம் நினைக்கும் பல தடுமாற்றங்கள் உண்மையில் பெயர் தெரியாததால் வருபவை. வகுப்பில் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தே செய்து பழகியவர், தேர்வில் ‘கெடான் பராய்’ (கீழ்த் தடுப்பு) என்றோ ‘மவாஷி கேரி’ (சுழற்றி உதைப்பது) என்றோ கேட்டதும் விழித்து நிற்பார். எல்லாப் பெயர்களையும் கலைத்துப் போட்டு உங்கள் குரலிலேயே கைபேசியில் பதிவுசெய்யுங்கள். அதைக் கேட்டு, கேட்ட மாத்திரத்தில் செய்து பழகுங்கள்.

படி 3: தேர்வை வீட்டிலேயே நடத்திப் பாருங்கள்

என் அனுபவத்தில் அதிகம் பயன்படுவது இந்தப் படிதான். மற்ற எதற்கும் நேரம் இல்லாவிட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

முதலில் திசையை மாற்றுங்கள். ஒரே சுவரைப் பார்த்தே கட்டா பழகியவருக்கு அந்தச் சுவரே நினைவின் ஊன்றுகோலாகிவிடுகிறது. தேர்வு அரங்கில் அது இருக்காது. ஆகவே ஒவ்வொரு நாளும் வேறு திசையை நோக்கித் தொடங்குங்கள்.

அடுத்து, இதயத் துடிப்பை வேண்டுமென்றே ஏற்றுங்கள். நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் வேகமாக ஓடிவிட்டு, மூச்சு வாங்கும்போதே ‘யோய்’ என்னும் தயார் நிலைக்கு வந்து கட்டாவைத் தொடங்குங்கள். படபடக்கும் நெஞ்சோடு நுட்பங்களைச் செய்வது உடலுக்குப் பழகிய செயலாகிவிட்டால், தேர்வு நாளில் அதே படபடப்பு புதிதாகத் தோன்றாது.

பிறகு பார்ப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: முதலில் கைபேசிக் கேமரா, அடுத்து வீட்டில் ஒருவர், அதற்கடுத்து வகுப்பில் மூத்த மாணவர். இந்த ஒத்திகையில் முழுச் சீருடையோடு நில்லுங்கள். ஒரு நாளுக்கு ஒரே ஒரு வாய்ப்பு என்ற விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். தவறினால் அன்று மீண்டும் தொடக்கத்திலிருந்து செய்யக் கூடாது. ‘சரியாக வரவில்லை, இன்னொரு முறை’ என்று பழகிய உடலுக்கு, இன்னொரு முறை கிடைக்காத இடத்தில் என்ன செய்வதென்று தெரிவதில்லை.

படி 4: தவறிலிருந்து மீளப் பழகுங்கள்

கராத்தேயின் ஷோட்டோகான் பிரிவின் தொடக்கக் கட்டாவான ஹெயான் ஷோடானில் 21 அசைவுகள். 9-ஆவதிலும் 17-ஆவதிலும் கியாய் வரும். முதல் கியாய்க்குப் பின் 270 பாகை சுழலும் பெரிய திருப்பம் இருக்கிறது. புதியவர்கள் பலர் திசை தவறுவது அங்கேதான். என் முதல் தேர்வில் நானும் அங்கே தவறான பக்கம் திரும்பினேன். உடனே நிலையை விட்டு நிமிர்ந்து, தேர்வாளரின் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். பின்னர் என் ஆசிரியர், திருப்பம் தவறியது சிறிய குறை என்றும், நிலையையும் பார்வையையும் கைவிட்டதுதான் பெரிய குறை என்றும் பொறுமையாக விளக்கினார். அதன்பின் என் பயிற்சி முறையே மாறியது.

கட்டாவை எப்போதும் முதலிலிருந்தே தொடங்காதீர்கள். 10-ஆவது அசைவிலிருந்தும் 18-ஆவது அசைவிலிருந்தும் தொடங்கிப் பழகுங்கள். கியாய் வரும் இடங்கள் உங்களுக்கு அடையாளக் கற்களாக அமையும். நடுவில் மனம் வெறுமையானால் நிலையைக் குலைக்காமல், பார்வையை நேராக வைத்து, ஒரு முழு மூச்சை வெளியே விட்டுவிட்டு, நினைவுக்கு வரும் அடுத்த அடையாளத்திலிருந்து தொடருங்கள். தலையை ஆட்டுவது, நாக்கைக் கடிப்பது, சிரிப்பது எல்லாம் தவறைத் தேர்வாளருக்குச் சுட்டிக்காட்டும் செயல்கள்.

படி 5: முந்தின நாள்

புதிதாக எதையும் கற்க வேண்டாம். சீருடையையும் பெல்ட்டையும் எடுத்து வைத்துவிட்டு, லேசாக ஒரு முறை செய்து பார்த்து, நேரத்தோடு உறங்குங்கள். தேர்வு நாளில் எளிய உணவை இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே முடித்துக்கொள்ளுங்கள்.

படி 6: காத்திருக்கும் நேரம்

உங்கள் முறை வரும்வரை உட்கார்ந்திருக்கும் நேரமே பலரைத் தளர்த்துகிறது. நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு முதல் எட்டு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். மூச்சு வெளியேறும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணிகிறது. அதனால்தான் விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும். கை நடுங்கினால் முஷ்டியை ஐந்து விநாடி இறுக மூடி, பின் முழுவதும் தளர்த்துங்கள். நெடுநேரம் அசையாமல் இருந்தால் தசைகள் குளிர்ந்துவிடும் என்பதால், அனுமதி இருந்தால் அவ்வப்போது எழுந்து இடுப்பையும் கணுக்காலையும் சுழற்றுங்கள்.

படி 7: பெயர் அழைக்கப்பட்டதும்

நிதானமாக நடந்து சென்று, வணங்கி, ஒரு மூச்சை வெளியே விட்டபின் தொடங்குங்கள். பழகித் தேர்ந்த அசைவுகளை ஒவ்வொரு உறுப்பாகக் கண்காணிக்கத் தொடங்கினால் அவை குலையும் என்பதை உளவியலாளர் சயன் பெய்லாக்கின் ஆய்வுகள் காட்டின. ஆனால் இன்னும் பழகாத அசைவுகளுக்குக் கவனம் உதவவே செய்கிறது. ஆகவே நன்கு வரும் நுட்பங்களை உடலிடம் விட்டுவிடுங்கள்; வராத ஒன்றிரண்டுக்கு மட்டும் ‘இடுப்பு’, ‘முழங்கால்’ என ஒற்றைச் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிராளியோடு மோதும் குமித்தேயில் பதற்றம் முதலில் மூச்சைத்தான் பிடிக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு மோதுபவர் விரைவில் களைத்துவிடுவார். ஒவ்வொரு குத்தோடும் காற்றை வெளியே தள்ளுங்கள். கியாயைத் தயங்காமல் எழுப்புங்கள், அதுவே அடைபட்ட மூச்சைத் திறந்துவிடும்.

கடைசி அசைவு முடிந்ததும் தளர்ந்துவிடாதீர்கள். ‘யாமே’ (நிறுத்து) என்ற கட்டளை வரும்வரை நிலையும் பார்வையும் அப்படியே இருக்கட்டும். வணங்கித் திரும்பும்வரை தேர்வு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

படி 8: அன்று மாலை

முடிவு எதுவானாலும், நடுக்கம் எந்த நொடியில் தொடங்கியது, எந்த நுட்பத்தில் அடங்கியது, தேர்வாளர் சொன்ன திருத்தம் என்ன என்ற மூன்றையும் நினைவு மங்குமுன் எழுதி வையுங்கள். அடுத்த தேர்வுக்கான ஒத்திகையை நடுக்கம் தொடங்கிய அந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.