எடைச் சீட்டு எங்கே போகிறது? சேகோ ஆலைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணக்கு தப்பினால் முதலில் டாலி என்ற கணக்கு மென்பொருளைத் திறந்து தேடுகிறோம். மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேலம், ஆத்தூர் பக்கத்து சேகோ ஆலைகளில் அந்தத் தப்பு பெரும்பாலும் டாலிக்கு வருமுன்பே நடந்து முடிந்திருக்கும். எடை மேடையில் சீட்டு கிழியும்போது, பாயிண்ட் (கிழங்கின் மாவுச்சத்து அளவு) எழுதும்போது, விலை வாய்வழியாக அலுவலகத்துக்கு வரும்போது என்று, ஒரு தாள் பிறக்கும் இடத்திலோ கை மாறும் இடத்திலோ நடந்திருக்கும். கணக்குத் தகவல் அமைப்பு என்று பெரிய பெயர் வைத்தாலும் அது இந்தத் தாள்களின் பாதைதான். அந்தப் பாதையை எழுதி வைக்காமல் மென்பொருள் வாங்குவதும், எழுதும்போது தப்பாக எழுதுவதும்தான் இங்கே பேசப்போகும் தவறுகள்.

மரவள்ளிக் கிழங்கு லோடு ஒன்றையே கடைசி வரை பின்தொடர்வோம்.

முதலாளியிடம் மட்டும் கேட்டு எழுதுவது

"லோடு வரும், எடை போடுவோம், பாயிண்ட் பார்ப்போம், பணம் கொடுப்போம்." முதலாளி சொல்வது இந்த நான்கு வரிதான். அவர் பொய் சொல்லவில்லை. நடக்க வேண்டியதைச் சொல்கிறார். நடப்பது வேறு. எடை மேடையில் இருப்பவர் இரவு பத்து மணிக்கு மேல் வரும் லோடுக்குச் சீட்டு போடாமல் நோட்டில் எழுதி வைத்து, காலையில் மொத்தமாகப் போடுவார். மழை நாளில் மண் ஒட்டிய கிழங்குக்குக் கழிவு எவ்வளவு என்பதை சூப்பர்வைசர் கண்ணால் பார்த்துச் சொல்வார். தெரிந்த புரோக்கராக இருந்தால் பில் போடுமுன்பே பணம் போய்விடும்.

ஆகவே ஒரு லோடைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். நேற்று வந்த லோடு ஒன்றின் எடைச் சீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தச் சீட்டை எழுதியவர், அதன் காப்பிகள், ஒவ்வொரு காப்பியும் போன இடம், அது இப்போது கிடக்கும் ஃபைல் எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்க்கவும். பிறகு எதிர்த்திசையில் போகவும்: பேரேட்டில் உள்ள ஒரு தொகையை எடுத்து, அதன் எடைச் சீட்டு வரை பின்னால் வரவும். முன்னால் போகும்போது கணக்கில் ஏறாமல் விட்டுப்போனது தெரியும். பின்னால் வரும்போது, லோடே வராமல் ஏறிய கணக்கு தெரியும். ஒரு திசையில் மட்டும் போய்விட்டு சரிபார்த்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் நிறைய.

விலை எங்கிருந்து வருகிறது என்று கேட்க மறப்பது

சேலம் வட்டாரத்தில் கிழங்குக்கு விலை எடையை மட்டும் வைத்து இல்லை. மாவுச்சத்து எவ்வளவு என்று பாயிண்ட் பார்த்து, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று டன்னுக்கு விலை கட்டுவது வழக்கம். மாதிரிக் கிழங்கை எடுத்துத் தண்ணீருக்குள் வைத்து எடை பார்ப்பார்கள். மாவு கூடுதலாக இருந்தால் தண்ணீருக்குள்ளும் எடை கூடுதலாகக் காட்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். லோடோடு எடை 14,260 கிலோ, வெறும் வண்டி 5,180 கிலோ என்றால் கிழங்கு 9,080 கிலோ. பாயிண்ட் 27, பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் டன்னுக்கு 8,100 ரூபாய். பில் 73,548 ரூபாய். 27 என்று எழுத வேண்டிய இடத்தில் 26 என்று விழுந்தால் 2,724 ரூபாய் குறையும். இதே அளவில் ஒரு நாளில் இருபது லோடுக்கு இப்படி ஆனால் 54,480 ரூபாய். ஆனால் பாயிண்டை யார் எழுதுகிறார், எதில் எழுதுகிறார், விவசாயி பார்த்துக் கையெழுத்து போடுகிறாரா என்ற கேள்விகளுக்குப் பல ஆலைகளில் பதில் "சிலேட்டில் எழுதுவோம்" என்பதே. எடைக்கு அச்சடித்த சீட்டு இருக்கிறது. அதைவிடப் பணம் அதிகம் புரளும் பாயிண்டுக்கு சாக்பீஸ்!

அதைவிட மோசமானது விலை. காலையில் முதலாளி போனில் "இன்னைக்கு முன்னூறு" என்று சொல்வார். பில் போடுபவர் அப்படியே அடிப்பார். தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் தரவு ஓட்டப் படம் (அதில் ஒவ்வொரு வேலையும் ஒரு வட்டம்) வரைந்தால் இது உடனே கண்ணில் படும்: "பில் போடுதல்" என்ற வட்டத்திலிருந்து தொகை வெளியே போகிறது, விலை உள்ளே வரும் அம்புக்குறி மட்டும் இல்லை. உள்ளே எதுவும் வராமல் வெளியே மட்டும் போகும் வட்டமும், உள்ளே வாங்கிக்கொண்டு எதையும் வெளியே விடாத வட்டமும் படத்தில் இருந்தால், ஒன்று வரைந்தவர் விட்டுவிட்டார், அல்லது ஆலையிலேயே அந்த ஓட்டை இருக்கிறது. பெரும்பாலும் இரண்டாவது. தீர்வு சின்னதுதான். தேதி, நேரம், விலை, கையெழுத்து என்று நான்கு பத்தி உள்ள விலைப் பதிவேடு போதும். பகலில் விலை மாறினால் அடுத்த வரி. எந்தச் சீட்டு எண்ணிலிருந்து புது விலை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இந்த ஒரு குறிப்பு இல்லாததால்தான் மாலையில் தகராறு வருகிறது.

இரண்டு வகைப் படத்தையும் குழப்புவது

தரவு ஓட்டப் படத்தில் என்ன தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்பது மட்டும் இருக்கும். வேலைக்கு வட்டம், சேமிப்புக்கு இணையாக இரண்டு கோடு, விவசாயி, வங்கி போன்ற வெளியாருக்குச் சதுரம், ஓட்டத்துக்கு அம்பு. யார் செய்கிறார், தாளா கணினியா என்பதெல்லாம் அதில் வராது. ஆவணப் பாய்வுப் படம் வேறு. அதில் ஆட்களுக்குத் தனித்தனி பத்தி உண்டு: கேட், எடை மேடை, பாயிண்ட் பார்க்குமிடம், அலுவலகம், கேஷியர். அடிப்பக்கம் அலை போல் நெளிந்த கட்டம் தாளுக்கு. மேல்பக்கம் அகலமான சரிவகம் கையால் செய்யும் வேலைக்கு. செவ்வகம் கணினி வேலைக்கு. சாய்சதுரம் முடிவெடுக்கும் இடத்துக்கு. தலைகீழ் முக்கோணம் ஃபைலுக்கு. முக்கோணத்துக்குள் எண் வரிசையா, பெயர் வரிசையா, தேதி வரிசையா என்று ஒரு குறி போடுவார்கள். அதை விட்டுவிட்டால் பின்னால் சீட்டைத் தேட முடியாது என்பதுதான் அதன் பொருள்.

இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் எதுவும் புரியாது. எது போதும் என்று கேட்டால், சின்ன ஆலைக்கு ஆவணப் பாய்வுப் படம் ஒன்றே போதும்.

அதில் அடிக்கடி வரும் பிழை, அநாதைக் காப்பி. எடைச் சீட்டு மூன்று காப்பி என்று ஆரம்பத்தில் வரைவார்கள். ஒன்று விவசாயிக்கு, ஒன்று அலுவலகத்துக்கு, மூன்றாவது? படத்தில் அது பாதியில் நின்றுவிடும். ஒவ்வொரு காப்பியும் ஒரு ஃபைலிலோ, வெளியார் கையிலோ, கிழித்துப்போடுவதிலோ முடிந்தாக வேண்டும். மூன்றாவது காப்பி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை என்றால், அதைக் காட்டி இன்னொரு முறை பணம் வாங்க முடியும் என்று பொருள். பணம் கொடுத்ததும் அலுவலகக் காப்பியில் 'பணம் பட்டுவாடா' முத்திரை விழ வேண்டும். அந்த முத்திரையும் படத்தில் இருக்க வேண்டும்.

நல்ல நாளை மட்டும் எழுதுவது

கரண்டு போய் எடை மேடை ஓடவில்லை. பாயிண்ட் ஒத்துக்கொள்ளாமல் விவசாயி லோடைத் திருப்பிக்கொண்டு போகிறார். வெறும் வண்டியை எடை போடாமல் டிரைவர் கிளம்பிவிட்டார், போன தடவை எடையையே போட்டார்கள். இதெல்லாம் சீசனில் வாரா வாரம் நடப்பவை. ஆனால் எழுதி வைத்த நடைமுறையில் சாய்சதுரமே இருக்காது. வெறும் வண்டி எடையைக் கணினியில் சேமித்து வைத்து எடுப்பது சௌகரியம்தான், ஆனால் ஜாக்கி, ஸ்டெப்னி, டிரைவர், டீசல் எல்லாம் அந்த எடைக்குள் வரும். டிரைவர் இறங்கி ஏறினாலே அறுபது எழுபது கிலோ. ஒவ்வொரு தடவையும் போட வேண்டும். முடியாதபோது யார் அனுமதித்தார் என்று சீட்டிலேயே எழுத வேண்டும்.

திரும்பிப் போன லோடின் சீட்டைக் கிழித்துப் போடக்கூடாது. 'ரத்து' என்று எழுதி எல்லாக் காப்பியையும் சேர்த்துப் பின் அடித்து வைக்க வேண்டும். இன்று முதல் சீட்டு 2,341, கடைசிச் சீட்டு 2,368 என்றால் 28 சீட்டு. பில் 26, ரத்து 2 என்று கூட்டிப் பார்க்க ஒரு நிமிடம். அச்சடித்த எண் இருந்தும் வரிசையை யாரும் பார்க்காவிட்டால், எண் அச்சடித்த காசு வீண்.

இன்னொன்று: எடை மேடைச் சீட்டு தெர்மல் தாளாக இருந்தால் சில மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். ஜிஎஸ்டியில் கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்திர அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அன்றன்றே ஸ்கேன் செய்து வைக்கவும்.

எல்லாம் ஒருவர் கையில்

அனுமதிப்பவர், பொருளோ பணமோ வைத்திருப்பவர், கணக்கு எழுதுபவர். இந்த மூவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும் என்பது பாடம். மூன்றே பேர் உள்ள அலுவலகத்தில் அது நடக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் எதைப் பிரிப்பது? கேஷியரையும் பில் போடுபவரையும் முதலில் பிரிக்கவும். அதுவும் முடியாவிட்டால், சீட்டு வரிசையும் அன்றைய ரொக்க இருப்பும் முதலாளி கண்ணில் படாமல் அன்றைய கணக்கை மூடக்கூடாது. பில் போடும்போது எடைச் சீட்டு, பாயிண்ட் சீட்டு, விலைப் பதிவேடு மூன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் பில் இல்லை.

யாருக்குப் பணம் போகிறது என்பதிலும் கவனம் வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அந்தச் செலவை ஏற்கமாட்டார்கள். விளைவித்தவருக்கே நேரடியாகக் கொடுக்கும் விளைபொருள் பணத்துக்கு விதிவிலக்கு உண்டு. இடையில் நிற்கும் வியாபாரிக்கு இல்லை. லெட்ஜரில் "கிழங்கு கொள்முதல் – ரொக்கம்" என்று ஒரே வரியில் எழுதினால் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? விவசாயியா, புரோக்கரா, வியாபாரியா என்று சீட்டிலேயே ஒரு கட்டம் இருக்க வேண்டும். விவசாயி என்றால் ஊர், நில விவரம். ஒரே ஆள் மூன்று விதமான இனிஷியலோடு மூன்று லெட்ஜரில் உட்கார்ந்திருப்பதும் இங்கேதான் தொடங்குகிறது. புதுப் பெயர் சேர்க்கும் அனுமதி ஒருவருக்கு மட்டும் இருந்தால் இது பாதி குறையும்.

கிடங்குக்குப் போனதை விற்பனை என்று எழுதுவது

சேகோசர்வ் 1981-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம். உறுப்பினர் ஆலைகளின் ஜவ்வரிசியையும் மாவையும் கிடங்கில் வைத்து, டெண்டர் மூலம் விற்றுத் தருகிறது. இருப்பின் மேல் முன்பணமும் கொடுக்கிறது. 90 கிலோ மூட்டைகள் லாரியில் ஏறிய அன்றே விற்பனை என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். டெண்டரில் விலை படியும் வரை அது ஆலையின் சரக்குதான், வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவே. வந்த முன்பணமும் கடன், வருமானம் இல்லை. மார்ச் 31-இல் கிடங்கில் மூட்டை இருந்து, அதை விற்பனையாக எழுதியிருந்தால் லாபம் தப்பு, இருப்பும் தப்பு. ஆலை, களம், சங்கக் கிடங்கு என்று இடவாரியாக இருப்பு காட்டினால் இந்தச் சிக்கல் எழாது. (ஜிஎஸ்டி எந்த நாளில் விழும் என்பது தனிக் கேள்வி, ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்கவும்.)

மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையான திப்பியை மறந்துவிட வேண்டாம். மாட்டுத் தீவனத்துக்குப் போகும் அது ரொக்க விற்பனை, சீட்டு இல்லாத விற்பனை. கசிவு அங்கேதான் அதிகம்.

ரூபாயில் மட்டும் எழுதுவது

இதற்குச் சேகோவைவிட சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை நல்ல உதாரணம். வியாபாரி 1,000 கிராம் சுத்த வெள்ளி கொடுக்கிறார். பட்டறையிலிருந்து 1,200 கிராம் கொலுசு வருகிறது. எடையை மட்டும் பார்த்தால் பட்டறைக்காரர் 200 கிராம் கூடுதலாகக் கொடுத்தது போல் இருக்கும். கொலுசு 80 டச் (நூற்றுக்கு 80 பங்கு சுத்த வெள்ளி) என்றால் அதில் சுத்த வெள்ளி 960 கிராம்தான். மீதி 40 கிராம் பாக்கி, அதில் பேசிய சேதாரம் போக மிச்சம் வர வேண்டும். மொத்த எடை, டச், சுத்த எடை என்று மூன்று பத்தியும், கூலி ரூபாய்க்கு இன்னொரு பத்தியும் இல்லாத பேரேட்டில் இந்தக் கணக்கு தெரியவே தெரியாது. வேலைக்கு அனுப்பும்போது டெலிவரி சலான் வேண்டும். ஜிஎஸ்டி விதிப்படி அப்படி அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொள்வார்கள். எந்தச் சலானுக்கு எந்தக் கொலுசு வந்தது என்று ஒட்டி எழுதாமல், "போன மாதத்திலிருந்து பாக்கி" என்று மொத்தமாகத் தள்ளிக்கொண்டே போவதுதான் அங்கே பெரிய தவறு.

ஒரே பாஸ்வேர்டு

எல்லோரும் ஒரே பெயரில் உள்ளே போனால் யார் திருத்தினார் என்று கேட்பதில் அர்த்தமில்லை. கம்பெனியாகப் பதிவு செய்த ஆலைகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிவு செய்யும், அந்தப் பதிவை அணைக்க முடியாத கணக்கு மென்பொருள் கட்டாயம். தனி உரிமையாளருக்கும் பங்குதாரர் நிறுவனத்துக்கும் கட்டாயம் இல்லை, ஆனால் அதே மென்பொருளில் அந்த வசதி சும்மாதான் கிடக்கிறது. மூடிய மாதத்துக்குள் யாரும் போக முடியாதபடி பூட்டவும்.

காப்பு நகலைப் பென்டிரைவில் எடுத்து அதே மேசை டிராயரில் வைப்பார்கள். அதைத் திறந்து பார்த்தவர் யாரும் இருக்கமாட்டார்கள். மாதம் ஒரு தடவை வேறொரு கணினியில் ஏற்றி, நேற்றைய கடைசிச் சீட்டு எண் அதில் இருக்கிறதா என்று பார்க்கவும்.

படம் வரைந்த தாளில் தேதியும் வரைந்தவர் பெயரும் இருக்கட்டும். பாயிண்ட் பார்க்கும் ஆள் மாறினாலோ, சீட்டுப் புத்தகத்துக்குப் பதிலாக பிரிண்டர் வந்தாலோ, அந்த வாரமே பழைய தாளில் சிவப்பு மையில் திருத்தி எடை மேடை அறைச் சுவரில் ஒட்டவும்.