சுரங்கம் மூடிய நிலத்தில் பச்சை திரும்புகிறதா? கண்காணிக்கும் முறை, படிப்படியாக

சுரங்கப் பள்ளத்தை நிரப்பி, மேல்மண் பரப்பி, கன்று நட்டு இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டால் எங்கு பார்த்தாலும் பச்சைதான். அது நட்ட மரமா, தானாக மண்டிய களையா, வறண்ட மாதத்தில் நிற்குமா என்பது மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரியாது. செயற்கைக்கோள் படம், நேரில் எண்ணுவது இரண்டும் வேண்டும்.

தேவையானவை: க்யூஜிஐஎஸ் (QGIS, இலவச வரைபட மென்பொருள்), ஜிபிஎஸ் உள்ள கைபேசி, 50 மீட்டர் நாடா, தையல் நாடா, 1 மீட்டர் பக்கமுள்ள பிவிசி குழாய்ச் சட்டம், 5 செ.மீ. விட்டமும் 5 செ.மீ. உயரமும் உள்ள இரும்பு வளையம், தராசு, பிஎச் (அமில, காரத் தன்மை) மீட்டர்.

படி 1: எல்லை வரையுங்கள்

நிலம் முழுவதையும் ஒரே எல்லையாக வரையாதீர்கள். எந்த ஆண்டு நட்டார்களோ அந்த ஆண்டுக்கு ஒரு எல்லை. எல்லைக் கோட்டை ஓரத்திலிருந்து 20 மீட்டர் உள்ளே தள்ளிப் போடுங்கள். இல்லையென்றால் ஓரத்துப் பிக்சல்களில் லாரிப் பாதையும் குட்டையும் கலந்துவிடும். அருகிலேயே தோண்டாத, சரிவும் மண்ணும் ஒத்த ஓர் இடத்தையும் வரைந்து வையுங்கள். இந்த ஒப்பீட்டு நிலம் இல்லாமல் பின்னால் வரும் எந்த எண்ணுக்கும் பொருள் கிடையாது.

படி 2: படம்

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் 10 மீட்டர் நுணுக்கத்தில் (ஒரு பிக்சல் 10 × 10 மீட்டர்), இரண்டு செயற்கைக்கோள்கள் சுற்றுவதால் ஏறக்குறைய 5 நாளுக்கு ஒருமுறை கிடைக்கும். வளிமண்டலத் திருத்தம் முடிந்த 2ஏ நிலைப் படத்தையே எடுங்கள். 2015க்கு முந்தைய நிலை தேவையென்றால் அமெரிக்காவின் 30 மீட்டர் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படம்தான் வழி. இரண்டின் எண்களையும் ஒரே வரைபடத்தில் அப்படியே கோக்கக் கூடாது.

ஆண்டுக்கு இரண்டு படம் போதும்: மழை ஓய்ந்ததும் ஒன்று, வறட்சியின் உச்சத்தில் ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் அதே மாதம். வறட்சிப் படம்தான் முக்கியம். புல் காய்ந்த பிறகு மிஞ்சும் பச்சை பெரும்பாலும் ஆழமாக வேர்விட்ட செடிகளுடையது. படத்தோடு வரும் வகைப்பாட்டு அடுக்கில் 3 (மேக நிழல்), 8, 9 (மேகம்), 10 (மென்மேகம்) எண்ணுள்ள பிக்சல்களை நீக்கிவிடுங்கள்.

படி 3: என்டிவிஐ (NDVI, பச்சையின் அளவு காட்டும் குறியீடு) கணக்கு

(பட்டை 8 − பட்டை 4) ÷ (பட்டை 8 + பட்டை 4). பட்டை என்பது படத்தில் ஒரு நிற ஒளிக்கான அடுக்கு: பட்டை 8 அண்மை அகச்சிவப்பு, பட்டை 4 சிவப்பு. க்யூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கால்குலேட்டரில் ஒரு வரி வேலை. ஆனாலும் புதிதாகச் செய்பவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான்.

2022 ஜனவரி 25 முதல் வரும் சென்டினல்-2 படங்களில் ஒவ்வொரு மதிப்போடும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. ஒரு பிக்சலில் பட்டை 4 = 1900, பட்டை 8 = 3100 என்று வைத்துக்கொள்வோம். அப்படியே போட்டால் 1200 ÷ 5000 = 0.24. ஆயிரத்தைக் கழித்தால் 1200 ÷ 3000 = 0.40. கழிக்க மறந்தவருக்கு அந்த ஆண்டோடு காடே அழிந்தது போலத் தெரியும்! இணையத்திலேயே படங்களைக் கணக்கிட உதவும் கூகுள் எர்த் எஞ்சினில் ‘ஹார்மனைஸ்டு’ தொகுப்பை எடுத்தால் இந்தக் கழிவு ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கும், மறுபடி கழிக்காதீர்கள்.

இன்னொரு சிக்கல், நிலக்கரிக் கழிவின் கறுப்பு நிறம். செடி அரிதாக இருக்கும் இடத்தில் கறுத்த மண் என்டிவிஐயை உயர்த்திக் காட்டும். அங்கே மண்ணின் தாக்கத்தைக் குறைக்கும் ‘சாவி’ (SAVI) குறியீட்டைப் போடுங்கள்: 1.5 × (அகச்சிவப்பு − சிவப்பு) ÷ (அகச்சிவப்பு + சிவப்பு + 0.5). முதலில் மதிப்புகளை 10,000ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். வகுக்காவிட்டால் 0.5 ஒன்றுமில்லாமல் போய், விடை வெறும் ஒன்றரை மடங்கு என்டிவிஐ ஆகிவிடும். மேலே சொன்ன பிக்சலுக்குச் சரியான விடை 0.225.

கடைசியாக, மீட்பு நிலத்தின் சராசரியை அதே நாளின் ஒப்பீட்டு நிலத்துச் சராசரியால் வகுங்கள். 0.40 ÷ 0.62 என்றால் 65 விழுக்காடு. மழை பொய்த்த ஆண்டில் இரண்டும் சேர்ந்தே இறங்கும் என்பதால் இந்த விகிதம் அவ்வளவாக ஏமாற்றாது. ஒப்பீட்டு நிலம் அடர்காடாக இருந்தால் மட்டும் கவனம்: 0.8ஐத் தாண்டினால் மரம் வளர்ந்தாலும் என்டிவிஐ பெரிதாக ஏறாது.

படி 4: நேரில் எண்ணுவது

செடிகளை எண்ணுவதற்கான சதுரக் கட்டம் போடும் இடத்தை மென்பொருளே குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கட்டும். ஆளை விட்டால் நடக்கச் சுலபமான, செழிப்பான இடத்தையே பிடிப்பார். மரத்துக்கு 10 × 10 மீட்டர். அதன் ஒரு மூலையில் புதருக்கு 5 × 5. நான்கு மூலையிலும் நடுவிலும் புல் பூண்டுக்கு 1 × 1. மூலைவிட்டம் 14.14 மீட்டர் வந்தால் கட்டம் சதுரம். கைபேசி ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். அதனால் ஒரு மூலையில் கம்பி அடித்து, அடுத்த முறையும் அதே கட்டத்தை எண்ணுங்கள்.

ஒவ்வொரு மரத்துக்கும் பெயர், உயரம், தரையிலிருந்து 1.3 மீட்டரில் சுற்றளவு, உயிரோடு உண்டா இல்லையா என்று எழுதுங்கள். செத்த இடத்தில் மறுபடி நட்ட கன்றைத் தனிப் பத்தியில் எழுதாவிட்டால் பிழைப்பு விழுக்காடு (நட்டதில் உயிரோடு இருப்பவை) நூறைத் தாண்டிப் போகும்! வரிசைக்கு வெளியே, குழியில்லாத இடத்தில் முளைத்த நாற்றுகளுக்கும் தனிப் பத்தி வேண்டும். நட்டதை விட அவைதான் நல்ல செய்தி.

தரை மூட்டத்தை (தரையில் எவ்வளவு பங்கைச் செடி மூடியிருக்கிறது என்பதை) கண்ணால் மதிப்பிட்டால் ஆளுக்கு ஓர் எண் வரும். சட்டத்தில் 10 செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டினால் 81 சந்திப்புகள். ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பியை நேராக இறக்குங்கள். 34 இடத்தில் செடி தட்டினால் மூட்டம் 42 விழுக்காடு.

படி 5: மண்

10 கிராம் மண், 25 மி.லி. காய்ச்சி வடித்த நீர். கலக்கி அரை மணி நேரம் விட்டு பிஎச் பாருங்கள். பைரைட் (கந்தகம் உள்ள இரும்புக் கனிமம்) கலந்த கழிவு காற்றும் நீரும் பட்டு ஆண்டுக்கணக்கில் அமிலம் கக்கும். முதல் ஆண்டு நன்றாக இருந்தது என்று விட்டுவிடாமல் ஆண்டுதோறும் அளக்கவும்.

இறுக்கத்துக்கு இரும்பு வளையத்தை மண்ணில் இறக்கி எடுத்து, அந்த மண்ணை 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி எடை போடுங்கள். வளையத்தின் கொள்ளளவு 98 கன செ.மீ. 165 கிராம் வந்தால் ஒரு கன செ.மீ.க்கு 1.68 கிராம், களி மண்ணில் வேர் இறங்கத் திணறும் அளவு இது. கல் அதிகமென்றால் 2 மி.மீ. சல்லடையில் சலித்து, கல்லின் எடையையும் கன அளவையும் கழித்துவிடுங்கள்.

படி 6: சேர்த்துப் படிப்பது

என்டிவிஐ ஏறியும் கட்டத்தில் இரண்டே இனம்தான் என்றால், உண்ணிச்செடி, சீமைக்கருவேலம் போன்ற ஏதோ ஒன்று மண்டியிருக்கலாம். பிழைப்பு நன்றாக இருந்து என்டிவிஐ மட்டும் அசையவில்லையென்றால் கன்று இன்னும் சிறியது, பொறுக்கலாம். ஒரு திட்டு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு இறங்கினால் அங்கே போய் முதலில் பிஎச் பாருங்கள், பிறகு மண் அரிப்பு, மேய்ச்சல், தீ வைத்த தடயம்.