காண்டோ பால்கனியில் பெரிய பூ கேட்லியா

கேட்லியா என்னும் ஆர்க்கிட் நடக்கும் செடி. புதுத் தண்டு ஒவ்வொன்றும் பழைய தண்டுக்கு முன்னால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளித்தான் முளைக்கும். இடம் போதாதவர்கள் அடக்க வேண்டியது அந்த நடையைத்தான். குறுகிய பால்கனிக்கு நான்கு செடி போதும். பத்தை நெருக்கினால் ஒன்றும் பூக்காது.

கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு 3 டிகிரி வடக்கே இருப்பதால், வடக்குப் பார்த்த பால்கனியில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும், தெற்குப் பார்த்ததில் அக்டோபர் முதல் பிப்ரவரி வரையும் வெயில் சாயும். கிழக்கு என்றால் ஆண்டு முழுக்கக் காலை வெயில், அதுதான் யோகம். மேற்கில் 50 விழுக்காட்டு நிழல்வலை கட்டாவிட்டால் பிற்பகல் மூன்று மணி வெயிலில் இலை வெந்துவிடும். இலை மஞ்சளோடிய இளம்பச்சையாக இருந்தால் வெளிச்சம் சரி. கரும்பச்சையாகப் பளபளக்கும் செடி பார்க்க அழகு, பூ மட்டும் வராது.

சுங்கை பூலோ நர்சரிகளில் வாங்கும்போது, குளிர்ந்த கேமரன் மலையிலிருந்து இறக்கியதா, இங்கேயே வெக்கையில் பூத்ததா என்று கேளுங்கள். இங்கே பூத்ததை எடுங்கள்.

சட்டி மாற்ற நாள் பார்க்க வேண்டாம், வேரைப் பாருங்கள். புதுக்குருத்தின் அடியில் பச்சை நுனியோடு வேர் ஒரு சென்டிமீட்டர் எட்டிப் பார்க்கும்போது மாற்றினால் ஒரே மாதத்தில் பிடித்துக்கொள்ளும். வேர் நீண்டபின் கை வைத்தால் ஒடியும். பக்கத்தில் துளையுள்ள 15 செ.மீ. மண்சட்டி எடுங்கள். கட்டைவிரல் பருமனுள்ள அடுப்புக்கரியை இரவு ஊறவைத்து, தூள் போகக் கழுவி நிரப்புங்கள். தேங்காய் மட்டை நம் மழைக்குச் சீக்கிரம் மக்கி வேரை அழுகடிக்கும். தீயில் காட்டிய கத்தியால் முன்பக்கத்து நான்கு தண்டுகளை மட்டும் வெட்டி எடுங்கள். தீயில் காட்டாத கத்தி ஒரு செடியின் வைரஸை அடுத்ததற்குக் கொண்டுபோகும். பழைய தண்டு விளிம்பை ஒட்டியும் குருத்து நடுவைப் பார்த்தும் இருக்கட்டும். முன்னால் இரண்டு தண்டுக்கு இடம் வேண்டும். தண்டுகளை இணைக்கும் கிடைத்தண்டைப் புதைக்காதீர்கள். குச்சி நட்டு இறுகக் கட்டுங்கள். செடி ஆடினால் வேர்நுனி கரியில் உரசிக் கருகும்.

கிரில்லில் கொக்கி போட்டுத் தொங்கவிடும்போது ஒன்றின் கீழ் ஒன்று வேண்டாம். மேலே சொட்டும் நீர் கீழே நோயைக் கொட்டும். அடித்தட்டும் வேண்டாம். அதில் ஏடிஸ் கொசுப்புழு நெளிந்தால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. கீழ்வீட்டுத் துணியை நனைத்துச் சண்டை வாங்காமல், சட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் ஊற்றி, வடிந்தபின் மாட்டுங்கள். சட்டி கனம் குறைந்து லேசானால்தான் அடுத்த தண்ணீர், அதுவும் காலையில். உரம் 20-20-20 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது), லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை; நான்காவது வாரம் வெறும் தண்ணீர்.

அடைமழைக் காலத்தில் குருத்து அடியில் கறுத்து, இழுத்தால் கையோடு வந்தால் அது கருப்பழுகல். வெட்டுவாய் சுத்த வெள்ளையாகும்வரை வெட்டி, மேன்கோசெப் பூஞ்சைக்கொல்லி தடவி, மழை படாமல் காயவிடுங்கள். மொட்டுறையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே நீர்த்துளி கோத்திருந்தால் நுனியை மட்டும் கத்தரியுங்கள், மொட்டு தப்பும். தண்டின் காய்ந்த தோலுக்குள் வெள்ளைத் தூள்போல ஒட்டியிருப்பது செதில்பூச்சி. தோலை உரித்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த பழைய பல் பிரஷால் தேயுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை, முட்டை தப்பியிருக்கும்.