டைமிங் பெல்ட்டோடு ஆயில் சீலும்: பழைய மாருதி 800இல் நாமே மாற்றுவது எப்படி?

முதன்முதலில் என் மாருதி 800க்கு டைமிங் பெல்ட்டை நானே மாற்றியபோது, கிராங்க் சாஃப்ட்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான கிராங்க் சீலைத் தொடாமல் விட்டேன். லேசான ஈரம்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற அலட்சியம். நான்கே மாதத்தில் புதுப் பெல்ட்டின் ஓரமெல்லாம் எண்ணெய். அதே போல்ட்டுகளை அதே வரிசையில் மறுபடியும் கழற்றிக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் மறக்கவில்லை. சீலின் விலை ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக்குள் அடங்கிவிடும். அதுவரை போய்ச் சேர்வதுதான் ஒரு நாள் வேலை.

1983இல் சாலைக்கு வந்து 2014இல் உற்பத்தி நின்ற வண்டி இது. 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின். பெல்ட் பக்கத்தில் இரண்டு சீல்கள் உண்டு: கீழே பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் சாஃப்ட்டுக்கு ஒன்று, மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் சாஃப்ட்டுக்கு ஒன்று. இந்த இரண்டையும் இணைத்துச் சுற்றவைப்பதுதான் டைமிங் பெல்ட். கிராங்கின் மறுமுனையிலும், ஃபிளைவீலுக்குப் பின்னால், ஒரு சீல் இருக்கிறது. அதற்குக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்பதால் அது இன்றைய வேலையில் சேராது. எண்ணெய் கியர்பாக்ஸ் சேரும் இடத்திலிருந்து சொட்டுகிறது என்றால் பெல்ட் பக்கத்துச் சீல்களை மாற்றிப் பயனில்லை.

வாங்க வேண்டியவை

டைமிங் பெல்ட், அதை விறைப்பாக வைத்திருக்கும் டென்ஷனர், கிராங்க் முன் சீல், கேம் சீல். கார்புரேட்டர் வண்டிக்கும் பின்னால் வந்த, பெட்ரோலை இன்ஜெக்டரால் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்கும் பாகங்கள் வேறுபடும் என்பதால் சேஸிஸ் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். பழைய சீலின் முகத்தில் பெரும்பாலும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும், புதியதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். கடையில் நைட்ரைல் ரப்பர், விட்டான் என இரண்டு வகை காட்டினால் விட்டானையே வாங்குங்கள். எஞ்சின் சூட்டில் நைட்ரைல் நாளடைவில் பிளாஸ்டிக் போல இறுகிவிடும். பழைய சீல்கள் கசிவதற்கு முதற்காரணமே அந்த இறுக்கம்தான்.

கருவிகளில், போல்ட்டைக் குறித்த இறுக்கத்துக்கு முடுக்க உதவும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். இரவலாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவதற்கு முன்

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். வண்டி சமதரையில் நிற்கட்டும், பின்சக்கரங்களுக்குக் கல் வையுங்கள்.

சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே கிராங்க் புல்லியின் நடு போல்ட்டைத் தளர்த்திவிட வேண்டும். டாப் கியரில் போட்டு, வீட்டில் யாரையாவது பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, நீளமான கைப்பிடியால் தள்ளுங்கள். வண்டியைத் தூக்கிய பிறகு இந்த போல்ட்டோடு மல்லுக்கட்டுவது ஆபத்து. தளர்ந்ததும் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டாதீர்கள்.

இனி பெல்ட் பக்கத்துச் சக்கரம், ஃபேன் பெல்ட், கிராங்க் புல்லி, டைமிங் உறை என ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டால் எஞ்சினைக் கையால் சுற்றுவது எளிது.

மார்க் சேர்ப்பது

எஞ்சினை அது ஓடும் திசையில் மட்டும் மெல்லச் சுற்றி, கேம் புல்லியின் மார்க்கும் கிராங்க் பல்சக்கரத்தின் மார்க்கும் தத்தம் எதிர்க்குறிகளுக்கு நேராக வரும்படி நிறுத்துங்கள். வெள்ளைத் திருத்த மையால் நான்கு இடங்களிலும் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

கேம் புல்லியின் போல்ட்டை இப்போதே தளர்த்துங்கள். பெல்ட்டைப் பிடிமானமாக வைத்துத் திருகக் கூடாது. பட்டை இரும்பில் இரண்டு போல்ட் முடுக்கி, அவற்றைப் புல்லியின் துளைகளுக்குள் விட்டுப் பிடித்தால் நகராது. பிறகு டென்ஷனரைத் தளர்த்தி பெல்ட்டை உருவலாம். பெல்ட் வெளியே வந்த பின் கிராங்க், கேம் இரண்டையும் சுற்றாதீர்கள். வால்வும் பிஸ்டனும் மோதும் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது.

கேம் புல்லி, கிராங்க் பல்சக்கரம், அதைச் சாஃப்ட்டோடு பூட்டும் சாவிக்கட்டை, பெல்ட்டுக்கான தகடு எல்லாம் வரும். தகடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

கசிவு எங்கிருந்து?

இங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள். கேம் சீலுக்குக் கீழே எண்ணெய் இருந்தால் சீல்தான் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வால்வு கவர் கேஸ்கட் கசிந்தாலும் எண்ணெய் அதே வழியாகத்தான் இறங்கும். துடைத்துவிட்டு, ஈரம் மேலே எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள்.

இன்னொன்றைப் பலரும் பார்ப்பதே இல்லை. எஞ்சினுக்குள் சேரும் காற்றழுத்தத்தை வெளியேற்றும் பி.சி.வி. வால்வும் அதன் குழாயும் கசடு பிடித்து அடைபட்டால், உள்ளழுத்தம் எண்ணெயைச் சீல் வழியே பிதுக்கித் தள்ளும். அதைச் சுத்தம் செய்யாமல் புதுச் சீல் போட்டால் அதுவும் சீக்கிரமே ஈரமாகும்.

சீலை எடுப்பது

மொத்த வேலையிலும் தப்பு நடக்கிற இடம் இதுதான். சீல் மலிவு, அது உரசுகிற சாஃப்ட் மலிவல்ல. சாஃப்ட்டில் நகம் தட்டுப்படும் அளவுக்கு ஒரு கீறல் விழுந்தால் போதும், எத்தனை புதுச் சீல் போட்டாலும் அந்தக் கோடு வழியே எண்ணெய் வந்துகொண்டே இருக்கும். ஸ்க்ரூ டிரைவரை உள்ளே நுழைத்து நெம்பித்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

பாதுகாப்பான வழி: சீலின் உலோக முகத்தில், சாஃப்ட்டுக்கும் வெளி விளிம்புக்கும் நடுவில், எதிரெதிராக இரண்டு சிறு துளைகள் போடுங்கள். டிரில் முனையில் கிரீஸ் தடவினால் உலோகத் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். முனையிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி டேப் சுற்றிவிட்டால் அதற்கு மேல் ஆழம் போகாது. துளைகளில் சிறு திருகாணிகளை முடுக்கி, கொறடாவால் மாற்றி மாற்றி இழுத்தால் சீல் நேராக வெளியே வரும்.

கிடைத்த குழியைத் துணியால் துடைத்து, சாஃப்ட்டை நகத்தால் வருடிப் பாருங்கள். பழைய சீலின் உதடு, அதாவது சாஃப்ட்டைத் தொடும் உள்விளிம்பு, பல ஆண்டுகள் உரசிய இடத்தில் வளையம் போல ஒரு தேய்மானம் இருக்கலாம். லேசானது என்றால் எண்ணெய் நனைத்த நுண்ணிய எமரித் தாளால் சுற்றுவாட்டில் தேய்த்து மெருகேற்றினால் போதும். நீளவாட்டில் தேய்க்கக் கூடாது. பள்ளமாகவே தட்டுப்பட்டால் புதுச் சீலை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு முன்னே, அதாவது வெளிப்பக்கமாக, நிறுத்தி அடிக்கலாம். அப்போது உதடு தேயாத இடத்தில் உட்காரும். பின்னால் தள்ளினால் எண்ணெய் திரும்பும் துளை அடைபடக்கூடும்.

புதியதைப் பொருத்துவது

சீலில் உதட்டைச் சுற்றியுள்ள சுருள் கம்பி தெரிகிற பக்கம் எஞ்சினுக்குள் பார்க்க வேண்டும். உதட்டில் சுத்தமான எஞ்சின் ஆயில் தடவுங்கள். சாவிக்கட்டைப் பள்ளத்தின் கூரான ஓரம் உதட்டைக் கிழித்துவிடும் என்பதால், சாஃப்ட் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி வைத்து அதன் மேல் சீலை நழுவவிட்டு, பிறகு தாளை உருவிவிடுங்கள்.

உள்ளே தள்ளுவதற்குத் தனிக் கருவி தேவையில்லை. சீலின் வெளி விட்டத்துக்குச் சற்றே குறைவான பி.வி.சி. குழாய்த் துண்டு போதும், வெட்டு முகம் மட்டும் நேராக இருக்க வேண்டும். ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அப்படியே தொடராமல் வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். பொதுவாகப் பழைய சீல் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம்.

மூடுவது

பல்சக்கரங்களை ஏற்றி, மார்க்குகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, புது டென்ஷனரையும் பெல்ட்டையும் போடுங்கள். டென்ஷனர் எதிர்ப்பக்கத்தில் பெல்ட் தொய்வில்லாமல் இருக்க வேண்டும். கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி மார்க்குகளை மறுபடி சரிபாருங்கள். ஒரு பல் தள்ளியிருந்தாலும் கழற்றி மாட்ட வேண்டியதுதான். நடுவில் எங்காவது முட்டினால் அழுத்திச் சுற்றாமல் நிறுத்திவிடுங்கள். எல்லாம் சரி என்றால் டென்ஷனரை இறுக்கி, கிராங்க், கேம் போல்ட்டுகளை வண்டியின் பணிமனைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள்.

மற்றவற்றை மாட்டி, ஆயில் அளவு பார்த்து, பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். இரவு வண்டிக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் டைமிங் உறையின் அடிவிளிம்பை ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள்.